க்யூஎமு: காத்து நின்றவர்களின் வரலாறு

என் முதுகலை ஆய்வேட்டின் ஒரே மின்பிரதி ஒரு பிளாப்பித் தட்டில் இருந்தது. 2002இல் ஒரு தட்டச்சு மையத்தில் கொடுத்து அடித்து வாங்கியது. அக்காலத் தமிழ் மென்பொருள்கள் பலவற்றைப் போல அந்த மையத்தின் மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துரு, தனக்கென ஒரு குறியேற்றம், தனக்கென ஒரு கோப்பு வடிவம் என்று தனிக்குடித்தனம் நடத்தியது. யூனிகோட் பரவிய பின்னர் அந்தக் கோப்பைத் திறக்க என் கையில் வந்த எந்தக் கணினிக்கும் தெரியவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் அந்தத் தட்டில் இருந்ததை அப்படியே ஒரு படிமக் கோப்பாக எடுத்தார். தம் மடிக்கணினிக்குள் விண்டோஸ் 98 ஓடும் ஒரு கணினியை எழுப்பி, எங்கோ தேடிப் பெற்ற அந்தப் பழைய மென்பொருளை அதில் நிறுவினார். ஆய்வேட்டின் முதற்பக்கம் திரையில் வந்தது. “ஐயா, உள்ளே இருக்கிற கணினிக்கு, தான் நிஜமான பிளாப்பியைப் படிப்பதாகத்தான் நினைப்பு” என்றார்.

அவர் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் க்யூஎமு. ஒரு வகைக் கணினியின் மீது வேறொரு வகைக் கணினி இருப்பதாகப் பாவனை செய்யும் எமுலேட்டர் வகையைச் சேர்ந்தது. யாரும் இலவசமாகப் பெற்று, மூலநிரலைப் படித்து, திருத்தி, பிறருக்கும் வழங்கலாம் என்னும் கட்டற்ற உரிமத்தில் வெளிவருவது. என் ஆய்வேட்டை மீட்டுக்கொடுத்த நன்றியில் இதன் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கண்டுபிடித்தவரின் கதையாக அது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கண்டுபிடித்தவர் விலகிய பின்பும் வீடு விழாமல் பார்த்துக்கொண்டவர்களின் கதையே அதில் பெரும்பகுதி என்பது படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது.

தொடங்கியவர் ஃபாப்ரிஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சுக்காரர். ஒலி, ஒளிக் கோப்புகளைக் கையாள உலகெங்கும் பயன்படும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளை 2000இல் தொடங்கியவரும் இவரே. பை என்னும் கணித மாறிலியின் இலக்கங்களைக் கணக்கிட 1997இல் ஒரு சூத்திரம் தந்தவரும் இவரே. க்யூஎமுவின் முதற்பதிப்பு 2003 மார்ச்சில் வந்தது. இன்டெல் வகைச் சில்லுக்காக ஆக்கப்பட்ட லினக்ஸ் நிரல்களை வேறு சில்லுள்ள கணினியிலும் ஓட்டுவது முதல் நோக்கம். விரைவிலேயே ஒரு முழுக் கணினியையும், அதன் திரை, விசைப்பலகை, வன்தட்டு, பிளாப்பி இயக்கி உட்பட, பாவனை செய்யுமளவுக்கு அது வளர்ந்தது.

இதிலுள்ள சிக்கலைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் தனியான பொறிமொழி உண்டு. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்கு வெறும் எண் குப்பை. எமுலேட்டர் ஒரு துபாஷியைப் போல இடையில் நிற்கிறது. ஒவ்வொரு கட்டளையையும் வாசித்து, பொருள் கண்டு, செய்து முடித்து, அடுத்ததற்குப் போவது எளிய வழி. ஆனால் அது மிக மெதுவானது. ஒரு பத்திக் கட்டளைகளை மொத்தமாக மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, அதே பத்தி மீண்டும் வரும்போது மொழிபெயர்ப்பையே ஓட்டுவது விரைவானது. ஆனால் அதற்கு இரு சில்லுகளின் பொறிமொழிகளையும் நுட்பமாக அறிந்து மொழிபெயர்ப்பியை எழுத வேண்டும். பத்துச் சில்லுகளின் நிரல்களைப் பத்துச் சில்லுகளின் மீது ஓட்ட வேண்டுமென்றால் வேலை எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பெல்லார் கண்ட வழி மிக அழகானது. ஒவ்வொரு கட்டளையையும் அவர் மேலும் சிறிய நுண்கட்டளைகளாகப் பிரித்தார். எடுத்துக்காட்டாக, ஒரு பதிவகத்திலுள்ள எண்ணிலிருந்து 16ஐக் கழிக்கும் பவர்பிசி கட்டளை மூன்று நுண்கட்டளைகளாகும்: பதிவகத்திலிருந்து ஒரு தற்காலிக இடத்துக்கு எடு, 16ஐக் கழி, மீண்டும் பதிவகத்தில் வை. ஒவ்வொரு நுண்கட்டளையையும் சி மொழியில் ஒரு சின்னஞ்சிறு செயற்கூறாக எழுதி, ஜிசிசி என்னும் கட்டற்ற கம்பைலரிடம் கொடுத்தார். மனிதர் எழுதும் நிரலைச் சில்லின் பொறிமொழிக்கு மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. ஜிசிசி தந்த பொறிமொழித் துண்டுகளை டைன்ஜென் என்னும் துணைக்கருவி ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும். ஓடும்போது தேவையான துண்டுகளை வரிசையாக ஒட்டினால் மொழிபெயர்ப்பு தயார். அச்சுக்கூடத்தில் வார்த்த எழுத்துகளைக் கோப்பதைப் போன்ற வேலை. சில்லின் நுட்பங்களையெல்லாம் ஜிசிசி அறிந்திருந்ததால் பெல்லார் அவற்றை மீண்டும் எழுத வேண்டியிருக்கவில்லை. புதிய சில்லுக்குக் க்யூஎமுவைக் கொண்டுபோவதும் எளிதாயிற்று.

ஒட்டுவதில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு செயற்கூறும் முடியும் இடத்தில் “அழைத்தவரிடம் திரும்பு” என்னும் கட்டளை வரும். டைன்ஜென் அந்தக் கடைசிக் கட்டளையை நறுக்கிவிட்டு அடுத்த துண்டை ஒட்டும். எனவே திரும்பும் கட்டளை ஒன்றே ஒன்றாகவும், சரியாகக் கடைசியிலும் இருக்க வேண்டும். ஜிசிசியின் மூன்றாம் தலைமுறைப் பதிப்புகள் தக்க அமைப்புகளோடு அப்படித்தான் எழுதிக்கொடுத்தன.

2005 ஏப்ரலில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த யூசனிக்ஸ் மாநாட்டில் பெல்லாரின் கட்டுரை இடம்பெற்றது. க்யூஎமுவை உலகறியச் செய்த கட்டுரை அது. முழு எண் கணக்குகளில் நேரடி வேகத்தைவிடச் சுமார் 4 மடங்கு மட்டுமே மெதுவாக ஓடுகிறது என்று அது காட்டியது. அதே ஏப்ரல் மாதம் 20ஆம் நாள் ஜிசிசியின் 4.0 பதிப்பு வெளியாயிற்று. புதிய ஜிசிசி, வேகத்துக்காகக் கட்டளைகளின் வரிசையை முன்பைவிடத் தாராளமாக மாற்றியமைத்தது. திரும்பும் கட்டளை செயற்கூற்றின் நடுவில் வரலாம். ஒன்றுக்கு மேற்பட்டும் வரலாம். டைன்ஜென் வெட்டி ஒட்டிய துண்டுகள் இனி பொருந்தவில்லை. அரங்கேற்றம் நடந்த மாதத்திலேயே அடித்தளம் நகர்ந்துவிட்டது.

இதில் ஜிசிசிக்காரர்கள் மேல் குற்றமில்லை. எழுதிய செயற்கூறு சொன்னதைச் செய்யும் என்பது மட்டுமே சி மொழி தரும் உறுதி. அதன் பொறிமொழி வடிவம் எந்த வரிசையில் கிடக்கும் என்று யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. வாக்களிக்காத ஒன்றை, இதுவரை அப்படி இருந்தது என்பதாலேயே நம்பிக் கட்டியதுதான் பிழை. பக்கத்து வீட்டுச் சுவரில் உத்தரம் ஏற்றிக் கட்டிய கூரையை நம் ஊர்களில் பார்த்திருப்போம். அவர் தம் வீட்டை இடித்துக் கட்டும் நாள்வரை கூரை நன்றாகவே நிற்கும்.

அடுத்த மூன்றாண்டுகள் க்யூஎமு பழைய கம்பைலரைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்தது. க்யூஎமுவை ஆக்குவதற்கு முன்னால் கணினியைச் சோதித்துப் பார்க்கும் கன்ஃபிகர் என்ற நிரல், ஜிசிசி 4 இருப்பதைக் கண்டால் எச்சரித்துவிட்டு, பழைய ஜிசிசி எங்காவது வேறு பெயரில் கிடக்கிறதா என்று தேடும். க்யூஎமுவை ஆக்க விரும்பியவர்கள் இந்த ஒரு மென்பொருளுக்காகவே பழைய கம்பைலரையும் கூடவே வைத்திருக்க நேர்ந்தது. ஒவ்வொரு வருடமும் மற்ற மென்பொருள்களெல்லாம் புதிய கம்பைலருக்கு நகர்ந்துகொண்டிருக்க, க்யூஎமு மட்டும் கடந்த காலத்தில் ஒரு காலை ஊன்றி நின்றது.

2008 பிப்ரவரியில் பெல்லார் தம் அழகிய கருவியைத் தாமே கைவிட்டார். அதன் இடத்தில் வந்தது டிசிஜி, அதாவது சின்னஞ்சிறு நிரலாக்கி. ஒரு சி கம்பைலரின் பின்பகுதியாகத் தொடங்கி க்யூஎமுவுக்காக எளிமையாக்கப்பட்டது. பால் புரூக் என்பவர் முன்பே எழுதியிருந்த ஒரு நிரலாக்கியின் வேரும் இதில் உண்டு. இது வந்த சில்லின் கட்டளையை முதலில் ஒரு பொதுவான இடைமொழிக்கு மாற்றும். பின்னர் அந்த இடைமொழியிலிருந்து, ஓடுகின்ற சில்லின் பொறிமொழியை எண் எண்ணாகத் தானே எழுதும். ஜிசிசியிடம் கடன் வாங்கிய துண்டுகள் கிடையாது. ஆகவே எந்தப் பதிப்பு ஜிசிசி வந்தாலும் கவலையில்லை.

இதற்கு ஒரு விலை இருந்தது. முன்பு ஜிசிசி இலவசமாகத் தந்த அறிவையெல்லாம் இனி க்யூஎமுக்காரர்களே எழுதி, அவர்களே காக்க வேண்டும். இன்டெல்லுக்கு ஒரு பின்பகுதி, ஆர்முக்கு ஒன்று, பவர்பிசிக்கு ஒன்று, ஸ்பார்க்குக்கு ஒன்று என்று ஒவ்வொரு சில்லுக்கும் தனியே வேண்டும். ஒவ்வொன்றையும் அந்தச் சில்லின் கட்டளைக் கையேட்டை வரிவரியாகப் படித்தவர்தாம் எழுத முடியும். சுதந்திரம் என்பது கூடுதல் வேலையின் மறுபெயராக வந்து சேர்ந்தது.

மாற்றிய விதமும் கவனிக்கத் தக்கது. எல்லாவற்றையும் ஒரே நாளில் இடித்துவிடவில்லை. பழைய நுண்கட்டளைகளும் புதிய இடைமொழியும் அருகருகே ஓட வழி செய்துவிட்டு, ஒவ்வொரு சில்லின் மொழிபெயர்ப்பியாக, அதிலும் ஒவ்வொரு கட்டளையாக மாற்றினார்கள். குடியிருக்கும் வீட்டில் ஆட்களை வெளியேற்றாமலே தூணைத் தூணாக மாற்றுவதைப் போன்றது இது. பல கைகள் இதில் வேலை செய்தன. 2009 மார்ச்சில் வெளிவந்த 0.10 பதிப்பில்தான் உலகம் இந்தப் பலனைக் கண்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே க்யூஎமு. உள்ளே இதயம் வேறு.

பெல்லார் இதற்குப் பின் மெல்ல விலகி வேறு வேலைகளுக்குப் போனார். 2009 இறுதியில் தம் மேசைக் கணினி ஒன்றைக் கொண்டே பையின் இலக்கங்களில் 2.7 இலட்சம் கோடிக்கு மேல் கணக்கிட்டு அவர் உலக சாதனை செய்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. க்யூஎமுவின் திருத்தங்களைச் சரிபார்த்து முதன்மை மரத்தில் சேர்க்கும் பொறுப்பு ஆந்தனி லிகோரிக்கும், பின்னர் பீட்டர் மேடெலுக்கும் வந்தது. டிசிஜியின் பெரும்பாரத்தை ரிச்சர்ட் ஹெண்டர்சன் சுமந்தார். இவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதவில்லை.

அடுத்து நகர வேண்டியிருந்தது ஆக்க முறைமை. ஒரு பெரிய மென்பொருளில் ஆயிரக்கணக்கான மூலக் கோப்புகள் இருக்கும். எதை எப்போது எந்த அமைப்போடு கம்பைலரிடம் கொடுப்பது, எதை எதோடு இணைப்பது என்று முறைப்படுத்தும் பகுதியே ஆக்க முறைமை. சமையலில் அடுப்பும் அடுக்களையும் போன்றது; விருந்தாளி அதைப் பார்ப்பதில்லை. பெல்லார் காலத்தில் கையால் எழுதிய ஒரு கன்ஃபிகர் நிரலும், மேக் என்னும் பழைய கருவிக்கான கோப்புகளும் போதுமாயிருந்தன. சில்லுகளும் சாதனங்களும் பெருகப் பெருக, ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய நாலு வரியைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். பதினேழு வருடங்களில் கன்ஃபிகர் பல ஆயிரம் வரிகளாக வீங்கிற்று. மேக் கோப்புகளிலோ, அந்தக் கருவி தாங்காத வேலைகளையும் செய்ய வைப்பதற்கான தந்திரங்கள் மண்டின. அவற்றைப் புரிந்தவர் சிலரே. புரியாதவர் தொடப் பயந்தனர்.

2020இல் பவோலோ போன்சினி முன்னின்று இதை மேசான் என்னும் புதிய கருவிக்கு மாற்றினார். அவ்வாண்டு டிசம்பரில் வந்த 5.2 பதிப்பு புதிய அடுக்களையில் சமைத்தது. புதிய முறையில், மூலக்கோப்புகள் இருக்கும் இடத்திலேயே ஆக்க முடியாது. தனியாக ஓர் அடைவு வேண்டும். ஆனால் பழகியவர்கள் மூலக்கோப்புகளின் நடுவே நின்று கன்ஃபிகர் என்று அடித்து, பிறகு மேக் என்று அடிப்பவர்கள். அவர்களுக்காக ஒரு சிறு ஏற்பாடு செய்யப்பட்டது. கன்ஃபிகர் தானே ஓர் அடைவை உருவாக்கி, வேலையை அங்கே அனுப்பிவிடும். அடிப்பவருக்கு ஏதும் மாறியதாகத் தெரியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மரியாதை தெரிகிறது. பழைய வாசலை மூடாமல் வைத்திருப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

தரை நகர்வது நிற்பதேயில்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லில் ஓடும் மேக் கணினிகளை விற்கத் தொடங்கியது. நினைவகத்தின் ஒரே பகுதியில் எழுதவும், எழுதியதை இயக்கவும் ஒருசேர அனுமதி கிடையாது என்பது அவற்றில் பாதுகாப்பு விதி. மொழிபெயர்ப்பை எழுதி அங்கேயே இயக்குவதுதான் க்யூஎமுவின் பிழைப்பு. அதற்கேற்ற மாற்றங்கள் 2021 ஏப்ரலில் 6.0 பதிப்பில் வந்தன. பயன்படுத்துவோர் இதையும் கவனிக்கவில்லை. கவனிக்கப்படாமல் இருப்பதே இவ்வேலையின் வெற்றி.

ஆனால் பராமரிப்பவரே கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. அது என் பிளாப்பியோடு தொடர்புடையது.

க்யூஎமு வளர்ந்த காலத்தில் அதைச் சுற்றிப் பெரிய தொழில் ஒன்று உருவாயிற்று. 2007இல் லினக்ஸில் சேர்ந்த கேவிஎம் என்னும் வசதி, ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஏறக்குறைய நேரடி வேகத்தில் ஓட்ட வழி செய்தது. அந்தக் கணினிகளின் வட்டு, வலை, திரை ஆகியவற்றைப் பாவனை செய்ய அது க்யூஎமுவையே நம்பியது. ஸென் என்னும் மற்றொரு முறைமையும் க்யூஎமுவின் சாதன நிரல்களை எடுத்துக்கொண்டது. வாடகைக் கணினிகளை விற்கும் மேகக் கணிமை நிறுவனங்கள் பல இவற்றின் மேல் நின்றன. ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஒன்றையொன்று அறியாத பல வாடிக்கையாளரின் கணினிகள். இடையே இருந்த சுவர் இந்த நிரல்தான்.

2015 மே மாதம் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேசன் கெஃப்னர் அந்தச் சுவரில் ஓர் ஓட்டையை அறிவித்தார். பிளாப்பிக் கட்டுப்படுத்தியின் பாவனை நிரலில் இருந்தது அது. அந்த நிரல், வரும் கட்டளைகளை அளவான ஓர் இடத்தில் சேர்த்து வைக்கும். ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் அந்த இடத்தை முதலிலிருந்து தொடங்கச் செய்யும். இரண்டு கட்டளைகளுக்கு மட்டும் அப்படிச் செய்யத் தவறியது. உள்ளே இருப்பவர் வேண்டுமென்றே அவற்றை அனுப்பி அந்த இடத்தை வழியவிட்டு, சுவரைத் தாண்டி வெளியே வரக்கூடும். பிளாப்பி வேண்டாம் என்று அணைத்து வைத்தவர்களும் தப்பவில்லை. வேறொரு பிழையால் அந்த நிரல் அப்போதும் உள்ளே விழித்திருந்தது. இந்த ஓட்டைக்கு வெனம், அதாவது நஞ்சு, என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் அது ஒரு சுருக்கப் பெயர். அதற்குள் இருக்கும் சொற்களில் ஒன்றின் பொருள் ‘கவனியாது விடப்பட்டது’. ஓட்டை 2004 முதலே அங்கு இருந்தது. அதாவது 11 ஆண்டுகள். திருத்தம் மிகச் சிறியது.

மேகக் கணிமையில் பிளாப்பி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அங்கு யாருக்கும் தேவையில்லைதான். வேண்டாதவற்றைத் தூக்கி எறிவதே பாதுகாப்பு என்ற வாதம் வலுவானது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதே பிளாப்பி நிரல்தான் 2002இன் என் தட்டைப் படித்தது. ஒருவருக்கு நஞ்சான இடம் இன்னொருவருக்கு ஏட்டுப்பெட்டி. எதைக் காப்பது, எதை விடுவது என்னும் கேள்விக்கு நிரலுக்குள் விடையில்லை. அது ஒவ்வொரு முறையும் மனிதர் எடுக்கும் முடிவு.

க்யூஎமுக்காரர்கள் அந்த முடிவை எடுக்கும் முறையை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒன்றை நீக்க எண்ணினால் முதலில் அதை வழக்கொழியும் பட்டியலில் சேர்ப்பார்கள். இரண்டு பதிப்புகள்வரை அது அப்படியே ஓடும். வேண்டும் என்பவர் அதற்குள் வந்து சொல்லலாம். யாரும் வராவிட்டால் அதன்பின் நீக்குவார்கள். எல்எம்32, யூனிகோர்32 என்னும் இரு சில்லுகளின் பாவனைகள் 2021இல் 6.1 பதிப்போடு இப்படித்தான் போயின. நீக்கியவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. இன்னது, இந்தப் பதிப்போடு போயிற்று என்று அதில் எழுதியிருக்கும்.

மூலநிரலோடு வரும் மற்றொரு கோப்பு, எந்தப் பகுதியை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதைச் சொல்கிறது. லினக்ஸில் இருந்து வந்த வழக்கம் இது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை குறிக்கப்பட்டிருக்கும். சம்பளம் பெற்று ஒருவர் பார்த்துக்கொள்வது முதல் நிலை. ஒருவர் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவே என்பது அடுத்தது. ஆள் உண்டு, ஆனால் எப்போதாவது ஒரு திருத்தத்துக்கு மேல் அவருக்கு நேரமில்லை என்பது மூன்றாவது. நான்காவது, அநாதை. உலகின் எத்தனையோ கணினிகளைத் தாங்கும் ஒரு மென்பொருள், தன் உடலின் எந்த உறுப்புக்கு ஆளில்லை என்பதைத் தானே எழுதி எல்லார் பார்வைக்கும் வைத்திருக்கிறது. இந்த நேர்மையை நம் நூலகங்களும் சுவடி நிலையங்களும் கைக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

நீக்கிய நிரல் முற்றிலும் அழிவதில்லை. பழைய பதிப்புகள் எல்லாம் சேமிப்பில் அப்படியே இருக்கின்றன. 2007ஆம் ஆண்டின் க்யூஎமுவை இன்றும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆக்குவதுதான் கடினம். அதற்கு அந்தக் கால ஜிசிசி வேண்டும். அந்த ஜிசிசி ஓட அந்தக் கால லினக்ஸ் வேண்டும். இதற்கு எளிய வழி என்ன என்று என் மாணவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “இன்றைய க்யூஎமுவுக்குள் அன்றைய லினக்ஸை ஓட்டி, அதில் அன்றைய ஜிசிசியை வைத்து ஆக்கலாம் ஐயா.” மூலப்பிரதி கையிலிருந்தும், அதைத் திறக்கும் கருவி உயிரோடு இருந்தால்தான் அது பிரதி. அந்தக் கருவியைத் தேதி தவறாமல் நிகழ்காலத்துக்கு நகர்த்திக்கொண்டே இருக்க யாரோ சிலர் வேண்டும்.

என் ஆய்வேட்டை யூனிகோடுக்கு மாற்றி முடிக்க இரண்டு வாரமாயிற்று. கொம்புகளும் கால்களும் இடம் மாறிக் கிடந்ததைக் கையால் சரிசெய்தேன். முன்னுரையில் நன்றி சொல்லவேண்டியவர்கள் பட்டியல் ஒன்று இருந்தது: நெறியாளர், நூலகர், தட்டச்சு செய்தவர். அதில் இப்போது யார் பெயரைச் சேர்ப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோப்பைச் சேமித்து மூடினேன்.